சிவப்புக் காருக்கு ஒரு சோகச் சான்றிதழ்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரிகளை வைத்துத்தான் எனக்குச் சோறு. புவெனோஸ் ஐரஸில் எந்த அரசு அலுவலகத்தின் வாசலிலும் என்னைப் போல் நாலு பேர் நிற்பார்கள். உங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்பது, எந்த ஜன்னல் அம்மாளுக்கு எந்தக் கடை ரொட்டி பிடிக்கும் என்று தெரிந்து வாங்கிப் போவது, முத்திரை விழுந்த காகிதத்தோடு வெளியே வருவது, இதுதான் தொழில். கல்யாணத்துக்குக் காகிதம் வாங்கியிருக்கிறேன், கல்லறைக்கு வாங்கியிருக்கிறேன், ஒருமுறை ஒரு சர்க்கஸ் சிங்கத்துக்குக்கூட வாங்கியிருக்கிறேன். அதனால் என் அக்கா நெலிதாவின் கணவர் ஒஸ்வால்தோ, "ஒரு கார் வாங்கணும்டா மச்சான், காகித வேலைய மட்டும் நீ பாத்துக்கோ" என்று சொன்னபோது, "இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்?" என்று வாய்க்கொழுப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒஸ்வால்தோ பெர்த்தினிக்கு வயது ஐம்பத்தாறு. அல்மாக்ரோ பகுதியில் மெத்தைக் கடை. வாலிபத்தில் ஆரம்பித்து இன்றுவரை ஒரே வேன்தான் ஓட்டுகிறார். வேனின் இரண்டு பக்கமும் ஒரு பெண் கொட்டாவி விடும் படமும், "பெர்த்தினி மெத்தைகள்: படுத்ததும் தூக்கம்" என்ற வாசகமும் இருக்கும். இப்படி எழுதிய வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போனால் பின்னால் வருகிறவன் என்ன நினைப்பான் என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பொதுவாகவே அவர் எதற்கும் கவலைப்படாத மனுஷன். பின்னால் வந்த தொல்லைகள் எல்லாம் அதனால்தான் வந்தன.

பராச்சி என்பவரின் கார் கடையில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, தரையோடு தரையாக உயரம். ஒஸ்வால்தோ அதில் உட்கார வேண்டுமென்றால் முதலில் ஒரு கால், பிறகு தலை, பிறகு ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் மிச்ச உடம்பு. இறங்கும்போது பராச்சி கை கொடுத்து இழுக்க வேண்டும். ஆனாலும் தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார்.

"எதுக்கு அத்தான் இது?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குடா."

"அது சரி, காரணம் என்ன?"

"அதான் சொன்னேனே. சின்ன வயசுலேர்ந்து பிடிச்சிருக்கு. இப்ப வாங்க முடியுது. வாங்கறேன்."

அத்தானைச் செல்லமாகக் குண்டு என்று கூப்பிடும் அக்காவும் மறுப்புச் சொல்லவில்லை. "வாங்கிக்கோ குண்டு. ஆனா அதுல ஃப்ளாஸ்க்க எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருபவர்தான் மாத்தே என்ற இலைப் பானத்தை ஊற்றித் தர வேண்டும். ஒரே குடுவை, ஒரே குழல். இலையின் மேல் வெந்நீர் ஊற்றி நீட்ட வேண்டும், அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர, மறுபடி ஊற்ற வேண்டும். கல்யாணம் ஆன நாள் முதல் கோடை விடுமுறையான ஒவ்வொரு ஜனவரியும் கடற்கரைக்குப் போகும் வழி முழுக்க, அந்த வேனில் முழங்காலுக்கு நடுவே ஃப்ளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு அக்கா ஊற்றியிருக்கிறாள். குழியில் வண்டி குதித்தால் வெந்நீர் அவள் தொடையில். அத்தான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆறிப்போச்சு நெலி" என்பார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று பராச்சி வாக்குக் கொடுத்தார். "அதுக்கப்புறம் ரொசாரியோ ஊர்ப் பல் டாக்டர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆமா, ஆய்வகச் சான்றிதழ் இருக்கில்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடுவயது வாகன ஆசை ஆய்வகம் புதியது. யாரோ ஒரு பெரிய மனிதர் தன் ஐம்பதாவது பிறந்தநாளில் புது மஞ்சள் காரோடு பூங்கா நீரூற்றுக்குள் இறங்கி, வெளியே வர மறுத்து, முதல் காதலியின் பெயரைச் சொல்லி அழுததாகக் கேள்வி. அரசாங்கம் உடனே விழித்துக்கொண்டது. நீரூற்றைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஐந்து மாடிக் கட்டடம் கட்டி, ஐம்பது தாண்டிய ஆண் எவனும் ஆய்வகத்தின் சான்றிதழ் இல்லாமல் வேகக் கார் வாங்கவோ ஓட்டவோ கூடாது என்று சட்டம் போட்டது.

ஏழாம் ஜன்னலில் ஸுலேமா என்ற அம்மாள். நான் கொண்டுபோன ரொட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

"காரணம்?"

"பிடிச்சிருக்குங்க."

யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், அது காரணம் இல்ல. அது அறிகுறி. காரணம் அதோ பலகையில இருக்கு, ஒண்ணப் பாத்து எடுங்க."

பலகையைப் படித்தோம். மனைவி பிரிந்து போனது. முடி பிரிந்து போனது. மகன் அதே கம்பெனியில் மேலதிகாரியாக வந்தது. பள்ளித் தோழன் இறந்தது, அல்லது பணக்காரன் ஆனது. கடைசியில் "மற்றவை: அழுதுகொண்டே விளக்கவும்" என்று இருந்தது.

"முடி போயிடுச்சுன்னு போடுங்க மேடம்" என்றேன் நான்.

ஸுலேமா அத்தானின் அடர்ந்த தலையைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். என்னை வீட்டில் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். "இவருக்கா? உங்களுக்குன்னா இப்பவே முத்திரை குத்தித் தரேன்" என்றாள்.

"எனக்குக் கார் வேணாம் மேடம்."

"பாத்தீங்களா, தகுதி இருக்கறவனுக்கு ஆசை இல்ல. ஆசை இருக்கறவனுக்குத் தகுதி இல்ல." அத்தான் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். "வேகக் காருங்கறது மருந்து சார். நெருக்கடியில இருக்கறவருக்கு நாங்க எழுதித் தர்ற மருந்து. காய்ச்சலே இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?" என்று அத்தான் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மூணாவது மாடி. டாக்டர் அரிஸ்முண்டி" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

எங்கள் ஊரில் மனசு டாக்டர் இல்லாத ஆள் கிடையாது. காய்கறிக்காரருக்கு ஒருவர், பஸ் ஓட்டுநருக்கு ஒருவர், பாவமன்னிப்பு வழங்கும் பாதிரியாருக்கே வியாழக்கிழமை தோறும் ஒருவர். அத்தானுக்கு மட்டும் இல்லை. டாக்டர் அரிஸ்முண்டி அம்மாள் இதைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"அப்போ யார்கிட்ட பேசுவீங்க?"

"நெலிகிட்ட."

"மனைவிகிட்ட பேச முடியாத விஷயம்?"

அத்தான் யோசித்தார். "கறிக்கடைக்காரர்கிட்ட."

"உங்க அப்பா என்ன கார் வெச்சிருந்தார்?"

"கார் இல்ல. மெத்தைக் கடைதான்."

"அதனால அவர் மேல கோபம்."

"இல்லையே. நல்ல மனுஷன். மெத்தை தெச்சார்னா இருபது வருஷம் பள்ளம் விழாது."

"ராத்திரியில திடீர்னு முழிப்பு வந்து, வாழ்க்கை போயிடுச்சேன்னு தோணுமா?"

"முழிப்பா? நம்ம கடை மெத்தையிலயா?" என்று அத்தான் கொஞ்சம் அடிபட்டவராகக் கேட்டார்.

டாக்டர் அரிஸ்முண்டி எழுதினாள்: "நெருக்கடி எதுவும் காணப்படவில்லை. இது மிகவும் கவலைக்குரியது." வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்த மாதிரி நிம்மதியான ஆள நான் படிச்ச புஸ்தகத்துலகூடப் பாத்ததில்ல. எனக்குத் தூக்கமே வராது இனிமே" என்றவள், குரலைத் தாழ்த்தி, "அவர் கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். மறுநாள் கடைக்கு வந்து இரட்டை மெத்தை ஒன்று வாங்கிப் போனாள். சான்றிதழ் மட்டும் தரவில்லை.

மேல்முறையீடு செய்தேன். நாலாவது மாடியில் ஏக்கப் பரிசோதனை என்றார்கள். கையில் நாடி பார்க்கும் பட்டையைக் கட்டி, வேகக் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைப்பார்கள். நாடி எகிறினால் ஏக்கம் உறுதி. ஆனால் ஒலிபெருக்கி போன குளிர்காலத்திலேயே பழுதாகிவிட்டது. புதியது வாங்க அனுமதி வரும்வரை சத்தத்தை வாயால் போட ஓர் அரசு ஊழியரை நியமித்திருந்தார்கள். பிராவோ என்று பெயர். ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தர வேலை.

பிராவோ கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார். "வ்ர்ர்ர்" என்று ஆரம்பித்தார். முதல் கியர் நன்றாக இருந்தது. இரண்டாவதில் முகம் சிவந்தது. மூன்றாவதுக்கு மாற்றும்போது மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது.

அத்தான் பட்டையோடு எழுந்து ஓடினார். "அய்யோ பாவம், உக்காருங்க. தண்ணி எங்க இருக்கு? காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?"

முடிவு வந்தது: "எஞ்சின் சத்தத்தில் நாடி இயல்பு. ஊழியரின் இருமலில் நாடி உயர்வு. விண்ணப்பதாரர் பிறர்மேல் அக்கறை உள்ளவர். நிராகரிக்கப்பட்டது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிங்கத்துக்குக் காகிதம் வாங்கியவன் நான். அன்று சாயங்காலம் அக்கா வீட்டு மேஜையில் குத்தினேன். "அத்தான், உனக்கு ஒரு நெருக்கடி ஏற்பாடு பண்ணணும்."

"எனக்கு அதெல்லாம் வராதுடா."

"வரவழைக்கணும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு விட்டுட முடியுமா? ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்கு ஆய்வகத்துலேர்ந்து ஆய்வாளர் வராரு. கடைசி வாய்ப்பு. அக்கா உன்ன வீட்ட விட்டுத் துரத்திட்டா. நீ என் வீட்டுல அநாதையா இருக்கே. சரியா?"

அக்கா உடனே சம்மதித்தாள். அவளுக்கு நடிப்பு வரும். பெட்டியைக் கட்டித் தெருவிலேயே வைத்து, நாலு வீடு கேட்கும்படி திட்டி அனுப்பினாள். அத்தான் என் வீட்டு சோபாவில் வந்து படுத்து, கண்மூடித் திறப்பதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார். நான்தான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆய்வாளர் மூன்று மணிக்கு வருவார் என்று தகவல். அக்கா வீட்டுக் கொல்லையில் வழக்கம்போல் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. எப்போதும் கறி சுடும் அத்தான் இல்லாததால் என் ஒன்றுவிட்ட அண்ணன் நெருப்பு மூட்டினான். அந்தப் புகை நாலு தெரு தாண்டி என் வீட்டு ஜன்னல் வழியே வந்தது. அத்தான் மோப்பம் பிடித்தார்.

"விறகு ஈரம். அவன் விலா எலும்பக் கரிக்கப்போறான்."

"கரியட்டும் அத்தான். நீ அநாதை."

"கறி என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டார். ஐந்து நிமிஷம் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். ஆனால் நெருப்புக்கு முன்னால் நின்ற மனுஷனை யார் கிளப்புவது? கறி வெந்தது. தட்டுகள் நிறைந்தன. எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. முதல் வாய் வைத்ததும் சுட்டவருக்குக் கைதட்டியாக வேண்டும். இரண்டு நாள் முன்பு அவரைத் தெருவில் தள்ளியவள் என் அக்கா. அவளே பழக்கதோஷத்தில் எழுந்து, முட்கரண்டியை உயர்த்தி, "சுட்டவருக்கு ஒரு கைதட்டு" என்றாள். கொல்லை முழுக்கத் தட்டியது. அத்தான் கரண்டியோடு குனிந்து வணங்கினார்.

வாசலில் ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டாராம். "மனைவி உட்படக் குடும்பத்தினர் அனைவரும் கைதட்டினர்" என்று எழுதிக்கொண்டார். அத்தான் அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார். அவரும் சாப்பிட்டு, அவரும் தட்டிவிட்டுத்தான் போனார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆய்வகத்தின் இயக்குநரே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் எவரிஸ்தோ லண்டாபுரு. வெள்ளைத் தாடி, பெரிய மேஜை. ரொசாரியோ பல் டாக்டர் அன்று காலை பராச்சி கடையில் வந்து காரின் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம். அதைக் கேட்டுவிட்டு வந்த அத்தான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எங்களோடு வந்திருந்தாள்.

"அம்மா, உங்க கணவர் ஆபத்தான ஆள்" என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"இவரா?"

"ஆமா. மனைவி போயிட்டதால கார் வாங்கறவன எங்களுக்குப் புரியும். அதுக்கு ஒரு மாடி இருக்கு. முடி போனவனுக்கு ஒரு மாடி இருக்கு. ஆனா ஒருத்தன் சந்தோஷமா இருந்துக்கிட்டே, பிடிச்சிருக்குங்கற ஒரே காரணத்துக்காக ஒரு பொருள வாங்கிட்டுப் போனான்னா, அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு? இருநூறு பேர் வேலை பாக்கறோம் இங்க. பிராவோவுக்கு மூணு குழந்தைங்க. உங்க கணவரோட நிம்மதிக்காக இத்தனை குடும்பம் தெருவுக்கு வரணுமா?"

அத்தான் கலங்கிவிட்டார். "அய்யோ, அப்படியெல்லாம் நான் நெனைக்கலீங்க."

"நெனைக்கமாட்டீங்க. அதான் பிரச்சினை." இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னா நெனைக்கிறீங்க? கீழ அடித்தளத்துல என் கார் நிக்குது. மஞ்சள். வாலுல சிவப்பு ரிப்பன்கூடக் கட்டிவெச்சிருக்கேன், கண்ணு படக்கூடாதுன்னு. ஆனா என் சான்றிதழ்ல கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்கு. என் காகிதத்துல நானே கையெழுத்துப் போடக்கூடாதுன்னு விதி. அந்த விதிய எழுதினதும் நான்தான். ஞாயித்துக்கிழமை வந்து உள்ள உக்காந்துக்குவேன். பிராவோ வெளிய நின்னு சத்தம் போடுவார்."

 அக்கா கேட்டாள்.

"டாக்டர், இந்தச் சட்டம் பொம்பளைங்களுக்கு?"

"பெண்களுக்குக் கிடையாது அம்மா, ஜன்னல் முத்திரையே போதும். எங்க அடிப்படை ஆய்வுல, வேகக் கார் வேணும்னு சொன்ன பெண் ஒருத்தர்கூட இல்ல."

"எத்தனை பேரக் கேட்டீங்க?"

"பெண்களையா?" இயக்குநர் தாடியைத் தடவினார். "கேக்கல. தேவைப்படல."

அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "மொட்டை, வாடா ஏழாம் ஜன்னலுக்கு. என் பேர்ல எழுது."

ஸுலேமா கேட்டாள்: "காரணம்?"

"மார்க்கெட்டுக்குப் போக."

முத்திரை விழுந்தது. நான் ரொட்டிகூட வாங்கிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் ஒரு காகிதம் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. படியிறங்கும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். இயக்குநர் லண்டாபுரு.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்த மஞ்சள் காரையும் உங்க பேர்ல..."

"உங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா டாக்டர்?"

"ஒரு அக்கா கோர்தோபாவுல இருக்கா. கன்னியாஸ்திரி."

"அவங்க பொம்பளதானே?" என்று கேட்டுவிட்டு அக்கா நடந்தாள்.

பராச்சி சாவியைக் கொடுத்தார். அத்தான் கொண்டுவந்திருந்த சிவப்பு ரிப்பனை வண்டிக்கடியில் படுத்துக் கட்டினார். எழுந்து கையை நீட்டினார். அக்கா சாவியைத் தரவில்லை.

"சான்றிதழ் இல்லாம நீ ஓட்டக்கூடாது குண்டு. விதி இருக்கு."

"தெருமுனை வரைக்குமாவது?"

"பிராவோ குடும்பம் தெருவுக்கு வந்துடும்" என்று சொல்லி அவள் ஏறி உட்கார்ந்தாள். பெருமூச்சு எதுவும் விடவில்லை. ஒரே அசைவில் உள்ளே போனாள். அத்தான் மறுபக்கம் ஏறி முடித்த அடுத்த கணம் வண்டி தெருவில் இல்லை. அத்தானின் "நெலீ" என்ற குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மார்க்கெட் அடுத்த தெருவில். அவள் நகரத்தைச் சுற்றும் பெருஞ்சாலையில் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் தக்காளி வாங்கப் போவாள். ஒரு நாளைக்கு மூன்று முறை ஏதாவது தீர்ந்துபோயிற்று. ஒருமுறை ஒரே ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்தில் அத்தான். முழங்காலுக்கு நடுவே ஃப்ளாஸ்க், கையில் குடுவை. வளைவுகளில் அக்கா வேகத்தைக் குறைப்பதில்லை. வெந்நீர் அவர் தொடையில்.

"ஆறிப்போச்சு குண்டு" என்பாள் அவள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கிறிஸ்துமஸ் முடிந்தபோது அத்தான் இளைத்துவிட்டார். கடையில் மெத்தை கேட்டு வந்தவர்களிடம், "தூங்கி என்ன ஆகப்போகுது?" என்றார். வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நெருப்புப் பக்கமே போகவில்லை. என் ஒன்றுவிட்ட அண்ணன் சுட்டான். விலா எலும்பு கரிந்தது. யாரும் தட்டவில்லை. அவரைத் தேடிப் போனேன். தெருவில் பழைய வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வாயால் "வ்ர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். 

திரும்பினால் பின்னால் ஆய்வாளர். கோப்பு இன்னும் மூடவில்லையாம், மறுசோதனைக்கு வந்தாராம். கண் கலங்கி எழுதிக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஓர் அசல் நெருக்கடியைப் பார்த்ததில்லை என்றார். நாலே நாளில் சான்றிதழ் வீடு தேடி வந்தது. தங்க எழுத்தில் "மனமார்ந்த வாழ்த்துகள்" என்று போட்டிருந்தது. டாக்டர் அரிஸ்முண்டி தனியாக ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தாள்.

அத்தான் அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினார். அவள் படித்துப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம். சான்றிதழ் உன்னுது. கார் என்னுது" என்று சொல்லிவிட்டு, உப்பு வாங்கக் கிளம்பினாள்.

ஜனவரி முதல் சனிக்கிழமை கடற்கரைக்குப் புறப்பட்டோம். சிவப்புக் காரில் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லை. அதனால் சாமான்களோடு வேனை நான் ஓட்டினேன். புவெனோஸ் ஐரஸ் முழுவதும் அன்றுதான் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தது, ஒவ்வொரு வருஷமும்போல. ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை நின்றுவிட்டது. காரும் வேனும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில், மாட்டு வண்டி வேகத்தில். ஜன்னல்கள் திறந்திருந்தன. அங்கே பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஓரத்து மண் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு மஞ்சள் கார் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியது ஒரு கன்னியாஸ்திரி. தலைத் துணி காற்றில் பறந்தது. பக்கத்தில் ஃப்ளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டாக்டர் லண்டாபுரு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"பாத்தியா, அந்தாளுக்கும் அதே கதிதான்" என்றார் அத்தான். அப்புறம் ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார். "நெலி, இந்தப் பக்கத்துல உக்காந்தா ஒண்ணுமே தெரியல. தண்ணி சிந்தாம பாக்கறதுலயே வழி முடிஞ்சுபோவுது. கடல் வந்ததே தெரியமாட்டேங்குது. எனக்கு அழுகையா வருது."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். வண்டிதான் நின்றிருந்ததே.

"நான் அந்தப் பக்கத்துல முப்பது ஜனவரி உக்காந்து வந்திருக்கேன் குண்டு. என் நெருக்கடிய ஒரு ஆய்வாளரும் வந்து எழுதிக்கிட்டுப் போகல."

அத்தான் குடுவையில் இருந்த பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டார். பார்த்துப் பார்த்து நீர் ஊற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா உறிஞ்சிப் பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "எறங்கி இந்தப் பக்கம் வா. இந்த மாட்டு வண்டி வேகத்துக்கெல்லாம் என்னால ஓட்ட முடியாது. நீயே போதும்."

அத்தான் இறங்கிச் சுற்றி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் கால், பிறகு தலை, பெருமூச்சு, மிச்ச உடம்பு. வண்டி பத்தடி நகர்ந்தது. நின்றது. மறுபடி பத்தடி. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. காது வரைக்கும் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் முன்னால் பார்த்தேன். சாலையில் தடுப்பு போட்டு ஆய்வகத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். விடுமுறைக் காலச் சிறப்புச் சோதனை. வேகக் கார்களை மட்டும் நிறுத்தி ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது: நெருக்கடி நீங்கிய கணமே ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும், வண்டி பறிமுதல் செய்யப்படும்.

"அத்தான், சிரிக்காத. பரிசோதனை" என்று ஜன்னல் வழியே சொன்னேன்.

"முயற்சி பண்றேன்டா" என்றார். உதட்டைக் கடித்தார். கன்னத்தைக் கிள்ளிக்கொண்டார். செத்துப்போன மாமாவை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். "அவரு ஜோக்கு சொல்வாரேடா" என்று இன்னும் பலமாகச் சிரித்துவிட்டார். அதிகாரி ஒருவர் சிவப்புக் காரின் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

அக்கா ஃப்ளாஸ்க்கை முழங்காலுக்கு நடுவே வைத்து, மூடியைத் திருகிக்கொண்டே, சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தத் தடுப்பு தாண்டினா ரோடு காலி. அங்கேர்ந்து நான் ஓட்டறேன்."

அத்தானின் முகம் தொங்கிவிட்டது. அதிகாரி குனிந்து பார்த்தார். சான்றிதழைக் கேட்கவேயில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பாவம், போங்க சார்" என்று வழிவிட்டார்.